நகத்தளவு பூ

பூ செய்வது என் தொழில். கட்டுவதும் இல்லை, விற்பதும் இல்லை, செய்வது. துணியில். இதைச் சொன்னவுடன் "ஓ, பிளாஸ்டிக் பூவா?" என்று கேட்கிறவர்களோடு எனக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. பட்டுத்துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, இதழ் இதழாக வெட்டி, சூடேற்றிய இரும்பு உருண்டையால் அழுத்திக் குழிவு கொடுத்து, கம்பியில் சேர்த்துக் கட்டி நிறுத்துவோம். ஒரு தேனீ ஜன்னல் வழியாக வந்து என் ரோஜா மேல் உட்கார்ந்து ஏமாந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டல் வரவேற்பறை, நகைக்கடைக் கண்ணாடி, நாடக மேடை என்று எங்கள் பூ போகாத இடம் இல்லை.

எங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். என் வீட்டுக்காரரின் தங்கை. அவளை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம்; நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது. வயதில் என்னைவிட இரண்டே வருஷம் சின்னவள். சாயம் போடுவது, தண்டு சுற்றுவது, இலை வெட்டுவது எல்லாம் அவள் வேலை. இதழ் என் வேலை. இதழ் வெட்ட வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னல் பக்கத்து நாற்காலி எனக்கு, எதிரே சுவரோரத்து நாற்காலி அவளுக்கு. இதழில் அவளைக் கைவைக்க விட்டதே இல்லை. யாராவது உள்ளே வந்து, "அடேயப்பா, யார் செஞ்சது இதெல்லாம்?" என்று கேட்டால், "நான் செஞ்சது" என்பேன். அவள் பாட்டுக்குச் சாயக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் என் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. டாக்டர் பார்த்துவிட்டு, "ரெஸ்ட் குடுங்க" என்றார். "எனக்கா, விரலுக்கா?" என்று கேட்டேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை. காலையில் என் சட்டைப் பொத்தானை என் வீட்டுக்காரர்தான் போட்டுவிடுகிறார். இது வெளியில் யாருக்கும் தெரியாது. உள்ளங்கை அகலத்துக்குப் பூ என்றால் இன்னமும் என்னை அடிக்க ஆள் கிடையாது. பொடி வேலை என்றால் கத்தரி நழுவுகிறது, இடுக்கி கையில் நிற்பதில்லை. அதனால் பொடி வேலை வந்தால் கட்டுப்படியாகாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் மியூசியம் வேலை வந்தது. சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் அடியில் மலைக்காடு, அதற்கு மேலே மரமில்லாத கல் சரிவு. இரண்டிலும் பூக்கிற காட்டுப் பூக்களை நாங்கள் துணியில் செய்து நட வேண்டும். ஓட்டல் பூவை நாலு மாதத்தில் தூசி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது அப்படியில்லை. நாங்கள் போன பிறகும் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கும். கை என்னைக் கைவிடுவதற்குள் இந்தப் பெட்டியின் ஒவ்வொரு இதழையும் நானே வெட்டி முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விரல் மடங்கினால் என்ன, நிமிர்ந்தால் என்ன. எனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

மியூசியம்காரர் பெரிய பெரிய போட்டோக்களாகக் கொடுத்திருந்தார். எங்கள் வழக்கப்படி போட்டோ மேல் மெல்லிய தாளை வைத்து, இதழின் ஓரத்தைக் கோடிழுத்து, அதையே அளவாக எடுத்துக்கொண்டு வெட்டினேன். ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் பூவின் அசல் அளவில்தான் படம் எடுத்துத் தருவார்கள். அதனால் கை அதற்கே பழகிவிட்டது. காட்டுப் பூக்கள் முடிந்தன. பிறகு கல் சரிவின் ஊதாப் பூ, நாலே இதழ், நடுவில் மஞ்சள். உள்ளங்கை அகலம். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் ராணி மாதிரி நின்றது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி மூடினேன். மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வதாக மியூசியம்காரர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் பஞ்சு ஆரம்பித்தாள்.

"அண்ணி, குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல போய் நிஜப் பூவைப் பாத்துட்டு வந்துடலாமா?"

"போட்டோல இல்லாதது மேல என்ன இருக்கு?"

"பூக்கிற நேரமே இதுதானாம். விட்டா அடுத்த வருஷம்தான்."

"உனக்கு ஊர் சுத்தணும்னா நேரா சொல்லு. பூ மேல எதுக்குப் பழி போடறே?"

கையிலிருந்த சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, ஊர் சுத்தணும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்து என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர்தான் வேனை ஓட்டினார். உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு, பூவைத் தவிர. மலையடிவாரத்தில் மரநிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் வண்டியைப் பாத்துக்கறேன்" என்றார். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

எங்களோடு இன்னும் சிலர் காத்திருந்தார்கள். வழிகாட்டியாக ஒரு இளம்பெண் வந்தாள். கையில் ஊன்றுகோல், காலில் தடித்த பூட்ஸ், குரலில் பள்ளிக்கூட வாத்தியார்.

"பூவைப் பறிக்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. மேல கல் சரிவுல பெரிய கல்லு மேல மட்டும்தான் காலை வைக்கணும். பறிக்கக் கூடாதுன்னு மறுபடியும் சொல்றேன், ஏன்னா எல்லாரும் சரி சரின்னுட்டு அப்புறம் பறிப்பாங்க."

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று.

காட்டுக்குள் நுழைந்ததும் என் முனகல் தானாகவே நின்றுவிட்டது. மரங்கள் இன்னும் முழுசாக இலை விடவில்லை. வெயில் தடையில்லாமல் தரைக்கு இறங்கியது. பழைய சருகுகளை விலக்கிக்கொண்டு நீலப் பூக்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. வேர்களுக்கு நடுவே வெள்ளை மணிப் பூக்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. ஓடைக்கரையில் மஞ்சளாக ஒன்று, ஈரமான இலையோடு. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். மாதக்கணக்காக என் மேஜையில் இருந்தவை இங்கே உயிரோடு நின்றுகொண்டிருந்தன.

ஒரு வெள்ளை மணிப் பூவுக்கு அருகில் குனிந்து என் விரலை வைத்து அளந்து பார்த்தேன். நடுவிரலின் இரண்டாவது கணு வரை. நான் வெட்டியதும் அதே கணு வரைதான். அச்சு அசல்!

"பாத்தியாடி பஞ்சு? இது என்னைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கு."

"ஆமா அண்ணி."

"அந்த நீலத்தைப் பாரு. நீ போட்ட சாயம் ஒரு பொட்டு கூடுதல்."

"ஆமா அண்ணி."

"என்ன, எல்லாத்துக்கும் ஆமா? வரணும்னு தொணதொணத்தது நீ. வந்த இடத்துல முகத்தை இப்படித் தொங்கப் போட்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கால் வலி."

பொய். அவளுக்குக் கால் வலித்து நான் பார்த்ததே கிடையாது. வலி எனக்குத்தான், அதுவும் கையில். ஏறுகிற இடத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துப் பிடித்து விரல்கள் தீயாய் எரிந்தன. ஒரு கட்டையில் உட்கார்ந்து மாத்திரையைக் கேட்டேன். என் மாத்திரை டப்பா எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். அவள் பையைத் துழாவி ஒரு டப்பாவை எடுத்தாள். எடுத்ததை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு டப்பா எதுக்கு?"

"ஒண்ணு தீந்துபோச்சுன்னா இன்னொண்ணு."

மலையில் குடியிருக்கவா வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. திரும்பினால் கல் சரிவு. மலை உச்சியிலிருந்து யாரோ லாரி லாரியாகச் சாம்பல் நிறச் சரளையைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உடைந்த கல். காற்றில் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு சின்னக் கல் உருண்டு நின்றது, அது மட்டும் கேட்டது. வழிகாட்டிப் பெண் எங்களை வரிசையாகப் பெரிய கற்கள் மேல் நிற்க வைத்தாள்.

"இந்தக் கல்லெல்லாம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கீழ நகரும். அதுக்கு நடுவுலதான் செடி இருக்கு. மேல தெரியறது கொஞ்சூண்டு, கல்லுக்கு அடியில வேர் அவ்ளோ நீளம். பாத்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கல். வலது பக்கம் கல். உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவாக ஒன்றையும் காணோம். என் ராணிகளில் ஒருத்தி நின்றால்கூட இந்தச் சாம்பலில் அந்தக் கோடியிலிருந்தே தெரியுமே! எனக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, பூ முடிஞ்சுபோச்சா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் பெண் திரும்பிச் சிரித்தாள். "முடியலம்மா. உங்க கல்லைச் சுத்திக் கீழ பாருங்க."

கீழே பார்த்தேன். கற்களின் இடுக்கில் ஏதோ வண்ணத்தூள் சிந்தினாற்போல் இருந்தது. யாராவது மிட்டாய்க் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மெதுவாக முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

ஊதா. நாலே இதழ். நடுவில் மஞ்சள். ஒவ்வொரு பூவும் என் சுண்டுவிரல் நகத்தளவு. அதற்குமேல் ஒரு நூலிழைகூட இல்லை. கல்லின் நிறத்திலேயே தடித்த குட்டி இலைகள், அவற்றுக்கு மேல் இந்தப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தேன் வாசனையோடு. கண் பழகியதும் சரிவு முழுக்கத் தெரிந்தன. நான் பூவைத் தேடித் தேடிப் பூக்களையே பார்க்காமல் நின்றிருக்கிறேன்.

என் அட்டைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே வரிசையாக அடுக்கியிருக்கும் சாப்பாட்டுத் தட்டுகள். மியூசியம்காரர் கொடுத்த படங்களில் இந்தப் பூவை மட்டும் கிட்டே போய்ப் பெரிதாக எடுத்திருக்கிறார்கள்; அதை நான் அசல் அளவு என்று நினைத்து அப்படியே வெட்டித் தொலைத்திருக்கிறேன்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். முதலில் மியூசியம்காரரை. பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுக்கச் சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? பிறகு போட்டோ எடுத்தவனை. பிறகு பூவை. இவ்வளவு பெரிய மலையில் பிறந்துவிட்டு இத்தனை சின்னதாகப் பூக்கச் சொல்லி யார் அழுதார்கள்? பஞ்சு அடுத்த கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்ட இனி ஆள் இல்லை என்று ஆனதும் நான் நிறுத்தினேன். என் வலது கையைப் பார்த்தேன். அது பாட்டுக்கு மடியில் கிடந்தது, கொழுக்கு மொழுக்கென்று.

இந்த அளவுக்கு நாலு இதழ் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குழிவு கொடுக்க வேண்டும். இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். தரையில் விழுந்த குண்டூசியை எடுக்க எனக்கு இப்போது ஆள் வேண்டியிருக்கிறது.

"பெருசையே குடுத்துடலாம்" என்றேன். "எவன் இங்க ஏறி வந்து அளந்து பாக்கப் போறான்?"

பஞ்சு கீழே இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத் தெரியவா போகுது?"

காற்று வந்து அந்தப் பூக்களைத் தொட்டது. அவை ஆடக்கூட இல்லை, அத்தனை குள்ளம். பொய் சொல்லி அந்தப் பெட்டிக்குள் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் போன பிறகும் நிற்கும் என்று நானேதான் பெருமைப்பட்டேன். தப்பும் அப்படியேதான் நிற்கும்.

"என்னால முடியாதுடி பஞ்சு" என்றேன். இந்த வார்த்தையை நான் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "இது மட்டும் என்னால முடியாது."

அவள் எழுந்து என் கல்லுக்கு வந்து, இடம் பண்ணிக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்த இரண்டாவது டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் மடியில் வைத்தாள். மாத்திரை இல்லை. உள்ளே மருந்துக்கடைப் பஞ்சை விரித்து, அதன் மேல் ஐந்து ஊதாப் பூ. நாலு இதழ், மஞ்சள் நடு, நகத்தளவு.

நான் டப்பாவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடியும் டப்பாவைப் பார்த்தேன்.

"சாயம் சரியான்னு துணித் துண்டைக் காட்ட மியூசியம் போனேன்ல அண்ணி, அங்க இந்தப் பூவைக் காயவச்சுத் தாள்ல ஒட்டி வச்சிருந்தாங்க. அப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நீங்க எல்லாத்தையும் வெட்டி முடிச்சிருந்தீங்க."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா சின்னதா வெட்டறேன்னு உக்காந்துடுவீங்க. அந்தக் கையை வச்சுக்கிட்டு." அவள் குரல் உடைந்தது. "அதை எதிர்ல உக்காந்து பாக்க எனக்குத் தெம்பில்ல அண்ணி. வாயால சொல்லவும் வரல. நீங்களே வந்து பாத்துக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

"இதழ் வெட்ட எங்க கத்துக்கிட்டே?"

"இத்தனை வருஷமா எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

அவள் பையிலிருந்த இடுக்கியால் ஒரு பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். குனிந்து, நிஜப் பூக்களுக்கு நடுவே இருந்த ஒரு இடைவெளியில் அதை நிறுத்திப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், மறைப்பானேன். இதழின் நுனி லேசாக வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. நிஜத்திலும் அப்படியே மடங்கியிருந்தது. போட்டோவில் எனக்கு அது தெரியவே இல்லை. குழிவு சரி. நிறம், அதைக் கேட்கவே வேண்டாம். என் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எது கல்லில் முளைத்தது, எது எங்கள் மேஜையில் முளைத்தது என்று பார்த்தேன். திரும்ப எடுக்கும்போது தப்பான பூவைத் தொட்டுவிட்டேன்.

சரியான பூவைக் கையில் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தேனோ இல்லையோ, மேலேயிருந்து ஒரு சத்தம்.

"அம்மா! அவ்ளோ தூரம் சொன்னேன்ல, பறிக்கக் கூடாதுன்னு!"

வழிகாட்டிப் பெண் கல்லுக்குக் கல் தாவி வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பஞ்சு பதறிப்போய் எழுந்தாள். நான் எழவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இப்படி ஒரு திட்டுக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

"நான் பறிக்கலம்மா. தொட்டுப் பாரு, துணி."

அவள் வாங்கித் தொட்டுப் பார்த்தாள். புரட்டினாள், அடியில் கம்பியைப் பார்த்தாள், மறுபடியும் கீழே இருந்த பூவைப் பார்த்தாள். கோபம் எங்கே போயிற்றோ.

"ஐயோ, சத்தியமா நிஜம்னே நினைச்சேன்! யாரு செஞ்சது?"

பழக்க தோஷம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பஞ்சு வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டு, இல்லாத ஒரு தூசியைப் பையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ செஞ்சது" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை, ஆனால் தட்டுவதை நிறுத்திவிட்டாள். காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று இன்னொரு தடவை, கூட வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இதோ, இவ. என் நாத்தனார் செஞ்சது."

இறங்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பித் தடுப்பை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை. காட்டுக்குள் வந்ததும், "அந்த நீலச் சாயம் நிஜமாவே கூடுதலா அண்ணி?" என்று கேட்டாள். "ஒரு பொட்டு" என்றேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வேனில் என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "என்ன, பூ பாத்தாச்சா?" என்றார். "பாத்தாச்சு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாள் காலை நான் முதலில் போய் வேலை அறையைத் திறந்தேன். சின்னக் கத்தரி, இடுக்கி, இரும்பு உருண்டைகள் எல்லாவற்றையும் ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் ஒழுங்காக வைத்தேன். பிறகு சாயக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சு வந்தாள், வாசலிலேயே நின்றாள், என்னைப் பார்த்தாள். "வெளிச்சம் போறதுக்குள்ள உக்காரு" என்றேன். காலை வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அவள் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, துணியை எடுத்து, முதல் இதழை வெட்டினாள்.

நான் சாயத்தைக் கலக்கக் கையை நீட்டியதும் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தது. அதன் ஒரு கால் குட்டை.

"ஏய், இது ஆடுது!"

"ஆமா அண்ணி, ஆடும்" என்றாள், இதழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இத்தனை வருஷமாக அவள் இதில் உட்கார்ந்துகொண்டுதான் எனக்கு இலை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து போய் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். என் ராணிகளில் ஒன்றை எடுத்து, கம்பியை உருவிப் போட்டுவிட்டு, இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினேன். உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஆடவில்லை.